35 கட்டை, 8 செகண்டு

மெல்லோட்ரான்னு டேப்ல ஓடுற பழைய கீபோர்டு ஒண்ணு, அதோட சத்தத்த மொத தடவ கேக்குறவங்கள்ல பாதிப் பேரு "டேப் இழுக்குது, ஹெட்ட துடை"ன்னு தான் சொல்லுவாங்க. எங்க வீட்லயும் அதான் நடந்துச்சு. கேஎல், அதாவது கோலாலம்பூர், பக்கத்துல பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால்ல வாரக்கடைசியில போடுற பழைய சாமான் சந்தையில ஒரு சீன அங்கள்கிட்ட பீட்டில்ஸ் கேசட் ஒண்ணு வாங்கிட்டு வந்து ஹால்ல போட்டேன். ஸ்ட்ராபெர்ரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர், 1967ல வந்த பாட்டு, தொடக்கத்துலயே புல்லாங்குழல் மாதிரி ஒண்ணு வரும், அண்ணன் சோபாவுல படுத்தபடியே "கேசட்ல பூஞ்சை புடிச்சிருக்கு பாரு, சத்தம் ஆடுது"ன்னாரு. கேஎல் ஈரத்துல கேசட் வச்சிருக்கிற எவனுக்கும் மொதல்ல வர்ற சந்தேகம் அது. ஆனா டிரம்ஸ் வந்ததும் பாத்தா டிரம்ஸ் ஆடல, அந்தக் குழல் மட்டும் தான் ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது, ஒவ்வொரு சுரமும் லேசா தள்ளாடிக்கிட்டே வந்து சேருது.

அந்தக் குழல் தான் மெல்லோட்ரான். அத வாசிச்சது பீட்டில்ஸ்ல இருந்த பால் மெக்கார்ட்னி. ஆனா அவரு ஊதல, கட்டைய அமுக்கினாரு, அவ்வளவுதான். ஊதினது வேற யாரோ. சில வருஷம் முன்னாடி ஒரு ஸ்டூடியோவுல மைக் முன்னாடி நின்னு ஒத்த சுரத்த ஊதி, நிறுத்தி, அப்பறம் அடுத்த சுரத்த ஊதி, சம்பளத்த வாங்கிட்டு வீட்டுக்குப் போயிட்ட ஒரு ஆளு. அவரு ஊதினப்ப இந்தப் பாட்டே பொறக்கல. இத தெரிஞ்சுகிட்ட அன்னைக்கு நான் விழுந்தவன் தான், இன்னும் எந்திரிக்கல.

எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிடறேன், ஏன்னா இதோட அழகு பூரா அந்த மெக்கானிசத்துல தான் இருக்கு. நிறைய பேருக்குத் தெரிஞ்ச மாடல் எம் 400, 1970ல வந்தது, வெள்ளப் பெட்டி, பாத்தா சின்ன ஆர்கன் மாதிரி இருக்கும், தூக்கினா கிட்டத்தட்ட 55 கிலோ. 35 கட்டை. ஒவ்வொரு கட்டைக்கும் அடியில ஒரு துண்டு டேப், 35 கட்டைக்கு 35 டேப், லூப் கிடையாது, ஆரம்பமும் முடிவும் உள்ள நேர் டேப். பெட்டிக்குள்ள குறுக்கால ஒரு நீளக் கம்பி மோட்டார்ல எப்பவும் சுத்திக்கிட்டே இருக்கும், கேசட் பிளேயர்ல டேப்ப இழுக்குற அந்தக் குட்டிக் கம்பி இருக்குல்ல, கேப்ஸ்டன், அதே தான், என்ன, எல்லாக் கட்டைக்கும் சேத்து ஒரே கம்பி. நீங்க கட்டைய அமுக்கினா ஒரு ரப்பர் உருளை டேப்ப அந்தக் கம்பி மேல அழுத்தும், ஒரு பட்டைத்துணி டேப்ப ஹெட் மேல அழுத்தும், டேப் ஓட ஆரம்பிக்கும், ஓடின டேப் கீழ ஒரு பெட்டியில போய் விழும். கைய எடுத்தா ஸ்பிரிங் டேப்ப வெடுக்குனு தொடக்கத்துக்கே இழுத்துரும். அதனால அடுத்த தடவ அமுக்கினாலும் சுரம் மொதல்ல இருந்து தான் வரும், வில்லு கம்பியில விழுற அந்த மொத உரசல், ஊதறதுக்கு முந்தின மூச்சு, எல்லாம் வரும்.

டேப் மொத்தமே சுமார் 8 செகண்டு தான். அதுக்கு மேல நீங்க அழுத்திக்கிட்டே இருந்தாலும் சத்தம் நின்னுரும், டேப் தீந்துபோச்சு, என்ன பண்ண முடியும். அதனால மெல்லோட்ரான் வாசிக்கிறவங்க கை ஒரு தினுசா நகரும், மூணு சுரம் சேந்த கார்டு புடிச்சா மூணு விரலையும் ஒண்ணா வைக்க மாட்டாங்க, ஒண்ணு முடியப்போற நேரத்துல இன்னொண்ணத் தொடங்கி, அதுக்குள்ள மூணாவத எடுத்து, இப்படி மாத்தி மாத்தி. ஒரே கட்டைய ரொம்ப வேகமா திரும்பத் திரும்பத் தட்டினா டேப் முழுசா பின்னால போறதுக்குள்ள மறுபடி ஓடும், அப்ப சுரத்தோட தலை வெட்டுப்பட்டு நடுவுல இருந்து வரும். நிறைய கட்டைய ஒண்ணா அமுக்கினா ஒத்தக் கம்பி எத்தனை டேப்பத்தான் இழுக்கும், பாவம், மோட்டார் திணறி சுருதி இறங்கும். இது எதுவும் கம்பெனிக்காரன் வேணும்னு வச்சது இல்ல. ஆனா நாம எதக் கேட்டு மயங்குறோமோ அது பூரா இந்தத் திணறல்ல இருந்து தான் வருது.

எம் 400க்கு முன்னாடி 1964ல வந்த மார்க் 2 இன்னும் பெரிய பூதம். 35 கட்டையில ரெண்டு வரிசை, பக்கத்துல பக்கத்துல, மொத்தம் 70. வலது கை வரிசையில வயலின், குழல், பித்தளை வாத்தியம்னு தனிக் குரலுங்க. இடது கை வரிசை தான் வேடிக்கை, அங்க கட்டைய அமுக்கினா சுரம் வராது, ஒரு பேண்ட் செட்டே வரும், டிரம்ஸோட, பேஸோட, ஒரு ரிதம் முழுசா. நம்ம ஊரு கல்யாண மண்டபத்துல மேளக்காரங்கள கூப்புட வசதி இல்லாத வீட்டுக் கல்யாணம் பாத்திருக்கீங்களா, ஐயர் கைய தூக்கினதும் சவுண்டு சிஸ்டம் பையன் பட்டனத் தட்டுவான், கெட்டிமேளம் ஸ்பீக்கர்ல பொளந்துகட்டும், அது தான் மார்க் 2வோட இடது கை. அந்தப் பையனா நான் ரொம்ப நாள் இருந்திருக்கேன், பென்சில விட்டு கேசட்ட சுத்தி தவுல் விழுற எடத்துக்கு ஒரு மயிரிழை முன்னாடி நிறுத்தி வச்சுக்கிட்டு ஐயர் விரலையே பாத்துக்கிட்டு. அதனால மெல்லோட்ரான் கதைய படிச்சப்ப எனக்கு என்னமோ சொந்தக்காரங்க கதை மாதிரியே இருந்துச்சு.

கதைன்னா சும்மா இல்ல, கொஞ்சம் திருட்டுக் கதை. கலிபோர்னியாவுல ஹாரி சேம்பர்லின்னு ஒருத்தர், 1940களோட கடைசியில, தான் ஆர்கன் வாசிக்கிறத டேப் ரெக்கார்டர்ல பதிஞ்சுகிட்டு இருந்தவரு, இத ஒரு கட்டைய அமுக்கினா வர்ற மாதிரி பண்ணா என்னன்னு யோசிச்சு வீட்லயே செஞ்சாரு. அவர்கிட்ட சேல்ஸ்மேனா சேந்தவரு பில் ஃபிரான்சன். இந்த மனுஷன் 1962ல சேம்பர்லின் மெஷின் ரெண்ட எடுத்துக்கிட்டு இங்கிலாந்துக்குப் போயிட்டாரு. போய், ஒரே மாதிரி 70 டேப் ஹெட் செஞ்சு தர யாராவது இருக்காங்களான்னு விளம்பரம் குடுத்தாரு. பர்மிங்காம்ல பிராட்மாட்டிக்னு ஒரு பட்டறை, நார்மன், ஃபிராங்க், லெஸ்னு பிராட்லி அண்ணன் தம்பிங்க மூணு பேரு, "நாங்க செய்றோம்"னு வந்தாங்க. அவங்களுக்கு அது இன்னொருத்தரோட சரக்குன்னே அப்பத் தெரியாது. பிறகு சேம்பர்லினுக்கு விஷயம் போய், சண்டையாகி, காசு குடுத்து முடிச்சாங்க. 1963ல மார்க் 1 வெளிய வந்துச்சு. பேண்ட் மாஸ்டர் எரிக் ராபின்சன், டிவி மேஜிக்காரர் டேவிட் நிக்சன் ரெண்டு பேரும் பணம் போட்டாங்க, ராபின்சன் பங்கு வச்சிருந்த லண்டன் ஐபிசி ஸ்டூடியோவுல சத்தங்கள பதிஞ்சாங்க.

அத வாங்கினவங்க லிஸ்ட்டப் பாத்தா சிரிப்பு வரும். இளவரசி மார்கரெட்கிட்ட ஒண்ணு இருந்துச்சு. நடிகர் பீட்டர் செல்லர்ஸ்கிட்ட ஒண்ணு. விலை ஆயிரம் பவுண்டு, 60கள்ல ஆயிரம் பவுண்டுன்னா யோசிங்க. பிபிசி சவுண்டு எஃபெக்ட்டுக்கு வாங்கி வச்சுச்சு, கட்டைய அமுக்கினா கதவு சாத்தும், ரயில் போகும். வீட்ல குடும்பத்தோட உக்காந்து பொழுதுபோக்கத்தான் இதச் செஞ்சாங்க, ராக் பேண்ட் ஆளுங்க கையில போய் சேரும்னு பிராட்லி குடும்பம் கனவுகூட கண்டிருக்காது. மூடி ப்ளூஸ் பேண்ட்ல இருந்த மைக் பிண்டர் இருக்காரே, 2024ல தான் தவறினாரு, அவரு பேண்டுக்கு முன்னாடி அதே ஃபேக்டரியில ஒன்றரை வருஷம் வேலை பாத்தவரு. மெஷினோட குடல் வரைக்கும் தெரிஞ்ச ஆளு கையில அது வந்ததும் தான் அதுக்கு உயிரே வந்துச்சுன்னு நான் சொல்லுவேன். கல்யாண ரிதம் எல்லாம் வேணாம்னு தூக்கிட்டு, ரெண்டு பக்கமும் லீட் சத்தங்களையே, அதான் அந்த வலது கை தனிக் குரலுங்களையே, போட்டுகிட்டாரு. 1967ல அவங்க பதிஞ்ச ஆல்பத்துல வர்ற அந்த வயலின் அலைய ஒரு ராத்திரி ஃபெடரல் ஹைவேயில கார் ஓட்டிக்கிட்டே கேட்டுப் பாருங்க, எக்ஸிட்ட விட்டுருவீங்க.

பிரிட்டன்ல மியூசிசியன்ஸ் யூனியன் இத எதுத்துச்சு. நியாயமான பயம் தான், வயலின்காரன ஒரு தடவ கூப்புட்டு பதிஞ்சுகிட்டா அப்பறம் அவனுக்கு என்ன வேலை. மேளக்காரங்க சோத்துல மண்ணப் போட்டதுல என் விரலுக்கும் பங்கு உண்டு, அதனால நான் யூனியன்காரங்கள ஒண்ணும் சொல்லமாட்டேன். ஆனா மெல்லோட்ரான் விஷயத்துல நடந்தது வேற, அத கேட்டு ஒருத்தரும் உண்மையான வயலின்னு ஏமாறல. வயலின் வேணும்கிறவன் வயலின்காரனத்தான் கூப்புட்டான், மெல்லோட்ரான் வேணும்கிறவன் மெல்லோட்ரான கூப்புட்டான்.

ஏன் அது வயலின் மாதிரி இல்லன்னு நிறைய விளக்கம் சொல்லுவாங்க, டேப் நாயிஸ், ஸ்பீடு ஆட்டம், பழைய மைக்குன்னு. எல்லாம் சரிதான். எனக்குப் படுறது இன்னொண்ணு. ஒரு வயலின்காரர் ஸரிகம வாசிச்சா ஸ முடியும்போதே அவரு விரல் ரிய நினைச்சிருக்கும். ஸவுக்குள்ள கொஞ்சம் ரி இருக்கும், ரிக்குள்ள ஸவோட மிச்சம் இருக்கும். மெல்லோட்ரான்ல அந்த சுரங்க ஒண்ண ஒண்ணு பாத்ததே கிடையாது. ஒவ்வொண்ணும் தனித்தனியா பதிஞ்சது, ஒண்ணு பதியும்போது வாசிக்கிறவரு தெம்பா இருந்திருப்பாரு, பத்து சுரம் தள்ளி கை வலிச்சிருக்கும், ஒண்ணுல வில்லு கொஞ்சம் லேட்டா விழும், ஒண்ணு கடைசியில லேசா தொங்கும். இப்படி ஒருத்தர ஒருத்தர் தெரியாத சுரங்கள 20 வயசுப் பையன் ஒருத்தன் வரிசையா நிக்க வச்சு ஒரு மெட்டப் பாட வைக்கிறான். அந்த மெட்டு ஏன் அவ்வளவு தனிமையா கேக்குதுன்னு இப்ப புரியுதா? என் சிநேகிதன் ஒருத்தன் இத கேட்டுட்டு "ஓவரா ஃபீல் பண்ற லா, அது வெறும் வாவ் அண்டு ஃப்ளட்டர், டேப் ஸ்பீடு ஆட்டம்"னான். அவன் இஞ்சினியர், மன்னிச்சிரலாம்.

நம்ம ஆளுங்களுக்கு இதுல ஒரு சங்கடம் இருக்கும், அதையும் சொல்லணும். கமகம் கிடையாது. கட்டைக்கு ஒரு சுரம், அது நிக்கிற எடத்துல நிக்கும், வழுக்கி இன்னொண்ணுக்குப் போகாது. இதே குத்தத்த சொல்லித்தான் 1940ல அகில இந்திய வானொலி ஆர்மோனியத்துக்குத் தடை போட்டுச்சு, 1971 வாக்குல தான் கொஞ்சம் தளர்த்தினாங்க. அந்தத் தடை நடந்த காலத்துலயும் கோயில் பஜனையில, நாடகக் கொட்டகையில ஆர்மோனியம் ஜோரா ஓடிக்கிட்டு தான் இருந்துச்சு, வானொலி சொன்னத யாரு கேட்டா. மெல்லோட்ரான்ல ஒரு சின்ன வழி உண்டு, ஸ்பீடு குமிழ் ஒண்ணு இருக்கு, அத லேசா திருப்பினா சுருதி ஏறும் இறங்கும், கட்டைய முழுசா அமுக்காம பாதியில புடிச்சாலும் டேப் தயங்கித் தயங்கி ஓடும். அத கமகம்னு நான் சொன்னா என் சித்தியோட தேவார டீச்சர் என்ன அடிப்பாங்க, ஆனா ஏதோ ஒண்ணு ஆடுது.

கேஎல்ல நிஜ டேப் மெல்லோட்ரான நான் தொட்டது கிடையாது. எம் 400 மொத்தமே 1800 சொச்சம் தான் செஞ்சாங்க. 70கள்ல அமெரிக்கால வித்துக்கிட்டு இருந்த கம்பெனி திவாலாகி மெல்லோட்ரான்கிற பேரே கையவிட்டுப் போச்சு, பிராட்லிங்க அதே மெஷின நோவாட்ரான்னு பேரு மாத்தி வித்தாங்க, 1986ல கடைய மூடிட்டாங்க. பிறகு 90கள்ல லெஸ்ஸோட மகன் ஜான் பிராட்லியும் மார்ட்டின் ஸ்மித்தும் சேந்து ஸ்ட்ரீட்லி எலெக்ட்ரானிக்ஸ்னு, மூடின கம்பெனியோட அதே பழைய பேர்ல, மறுபடி ஆரம்பிச்சாங்க. சுவீடன்ல மார்கஸ் ரெஷ் தனியா ஒரு பக்கம் புதுசா செய்றாரு, அவரோட டிஜிட்டல் மாடல் ஒண்ணு பெட்டாலிங் ஜெயாவுல தெரிஞ்சவர் ஸ்டூடியோவுல இருக்கு, போனா தே தாரேக் டீ வாங்கிக் குடுத்துட்டு ஒரு மணி நேரம் உக்காந்துருவேன். டேப் மெஷின் இங்க வந்தா என்னாகும்னு நினைச்சாலே பயம், நம்ம ஈரத்துக்கு கேசட்டுல வெள்ளையா பூஞ்சை பூக்கும், டெக்கோட ரப்பர் பெல்ட் கருப்பு பாகா உருகும், கேமராவுக்கு வாங்கின டிரை பாக்ஸ்ல தான் என் கேசட்டெல்லாம் குடியிருக்கு, கேமரா வெளிய கிடக்கு.

சரி, மெஷின் வாங்க முடியாது. மைக் வால்டர்ஸ்னு ஒரு அமெரிக்கர் 14 வாக்மேன வரிசையா கட்டி ஒரு கீபோர்டு செஞ்சிருக்காரு, மெல்லோமேன்னு பேரு, அத பாத்ததுல இருந்து கை அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. வாக்மேன் கட்ற பொறுமை எனக்கு இல்ல, ஆனா பதியறது என் தொழில். அந்த மெஷின்ல எனக்கு ரொம்பப் புடிச்ச சத்தம் எட்டுக் குரல் கோரஸ், நாலு ஆம்பள, நாலு பொம்பள, "ஆ"ன்னு ஒத்த உயிரெழுத்த ஒவ்வொரு சுரத்துலயும் பாடியிருப்பாங்க. அத நம்ம குரல்ல பதிஞ்சா என்னன்னு தோணுச்சு. எங்க சித்தி செந்தூல் பக்கம் ஒரு கோயில்ல ஞாயித்துக்கிழமை தேவார வகுப்புக்குப் போறாங்க, பத்துப் பன்னெண்டு பொம்பளைங்க, கூட சில புள்ளைங்க, ஆர்மோனியத்தோட டீச்சர். அவங்க சுருதி அஞ்சு கட்டை, அதாவது ஜி. எம் 400 தொடங்குறதும் ஜியில தான், என்ன, அது இன்னும் ஒரு ஸ்தாயி கீழ. எனக்கு இத பாத்ததும் சாமியே சொல்லிட்ட மாதிரி ஆயிருச்சு.

டீச்சர்கிட்ட போய் நின்னேன். "ஒத்த சுரம், 8 செகண்டு, ஆடாம அசையாம ஆன்னு புடிக்கணும் டீச்சர், அப்பறம் அரை சுரம் ஏத்தி அடுத்தது"ன்னேன். அவங்க என்ன ஏற இறங்க பாத்தாங்க.

"சுத்த ரிஷபம் முடிச்ச கையோட சதுஸ்ருதி ரிஷபமா? எந்த ராகம்ப்பா இது?"

"ராகம் இல்ல டீச்சர், மெஷினுக்கு."

"மெஷினுக்கு எதுக்கு தேவாரம்?"

சித்தி தான் இடையில புகுந்து, இவன் சின்ன வயசுலேயே இப்படித்தான் டீச்சர், ரேடியோவ கழட்டிப் போடுவான், ஒரு மணி நேரம் குடுங்க போயிருவான்னு கெஞ்சி வாங்கிக் குடுத்தாங்க. பசியாறிட்டு எல்லாரும் வந்து உக்காந்தாங்க. ஃபேன நிறுத்தச் சொன்னேன், அதுக்கே பாதி சாபம் கிடைச்சிருச்சு. மைக் ரெண்டு வச்சேன். இன்னொரு கண்டிஷன் டீச்சர் போட்டாங்க, சும்மா ஆன்னு தொடங்க மாட்டோம், திருச்சிற்றம்பலம் சொல்லிட்டு தான் வாயத் திறப்போம். சரின்னேன், ஒரு தடவன்னு நினைச்சு. ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னாடியும் சொன்னாங்க. என் ரெக்கார்டிங்கு பூராவும் திருச்சிற்றம்பலம், ஆ, திருச்சிற்றம்பலம், ஆன்னு தான் இருக்கு, அந்த ஃபைல வெட்டறதுக்கு முன்னாடி முழுசா கேக்கறதே ஒரு தனி அனுபவம்.

அப்பத்தான் 8 செகண்டுங்கிறது எவ்வளவு நீளம்னு தெரியும். புள்ளைங்க அஞ்சாவது செகண்டுலயே பொசுக்குனு நிறுத்திட்டு சிரிக்குதுங்க. நடுவயசு அக்காங்க ஆறு ஏழு வரைக்கும் இழுத்து கடைசியில குரல விட்டுர்றாங்க. முன்வரிசையில ஒரு பாட்டி, ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டினவங்க, 8 இல்ல 18 செகண்டு கேட்டாலும் குடுப்பாங்க போல, எல்லாரும் நிறுத்தின பிறகும் அவங்க குரல் மட்டும் தனியா போய்க்கிட்டே இருக்கும், டீச்சர் கைய காட்டினா தான் நிப்பாட்டுவாங்க. இன்னொரு பிரச்சனை நான் எதிர்பாத்தது தான், ஆடாம பாடச் சொன்னா ஆடுது. தேவாரம் பாடிப் பழகின தொண்டைக்கு சுத்த ரிஷபம் குடுத்தா அது தானா அசையும், மொத பாடத்துல இருந்து பாடற ராகம், மாயாமாளவகௌளை, ரத்தத்துலயே இருக்கு. நேரா புடிங்கன்னு ரெண்டு சுரத்துக்கு சொல்லிப் பாத்தேன், அப்பறம் விட்டுட்டேன். ஆடட்டும். நடுவுல கொம்யூட்டர் ரயில் போச்சு, காக்கா கத்துச்சு, அதுக்கெல்லாம் நிறுத்தி திரும்ப எடுத்தோம். நாலு கட்டை, அதாவது எஃப், அந்த சுரத்துல மட்டும் சரியா நடுவுல ஒரு பல்லி கத்திருச்சு, நான் திரும்ப எடுப்போம்னேன், அந்தப் பாட்டி "பல்லி சொல்லிருச்சு தம்பி, அத தொடாதே"ன்னுட்டாங்க. சபையே அவங்க பக்கம். ஒரு ஸ்தாயிக்கு மேல கொஞ்சம், கீழ ஜியில இருந்து மேல சி வரைக்கும் 18 சுரம் கிடைச்சுச்சு.

வீட்டுக்கு வந்து எல்லா சுரத்தையும் வெட்டி, ஒவ்வொண்ணா கேசட் டெக்குக்கு அனுப்பி பதிஞ்சு, அந்த டேப்ப ஓட விட்டு திரும்ப கம்ப்யூட்டருக்கு எடுத்தேன். இந்த சுத்து தான் முக்கியம், கம்ப்யூட்டர்லயே டேப் மாதிரி பண்ற சாஃப்ட்வேர் எல்லாம் இருக்கு, நல்லாவும் இருக்கு, ஆனா என் டெக்கோட கிழட்டு மோட்டார் எங்க தடுமாறும்னு எந்த சாஃப்ட்வேருக்கும் தெரியாது. பதிஞ்ச சத்தத்த கட்டையில வாசிக்க விடுற சாஃப்ட்வேர், சாம்ப்ளர், அதுல லூப் போடல, 8 செகண்டுல வெட்டு. அமுக்கற வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தம் கூடறதையும் அணைச்சுட்டேன், மெல்லோட்ரானுக்கு நீங்க கோவமா அமுக்கினாலும் பாசமா அமுக்கினாலும் ஒண்ணு தான்.

மொத கார்டு புடிச்சேன். நேத்து வரைக்கும் ஒரே பாய்ல உக்காந்து ஒண்ணா பாடினவங்க தான், ஆனா ஜியில இருந்த சபை வேற, பியில இருந்த சபை வேற, டியில பாட்டி முன்னாடி வர்றாங்க, ஜியில அவங்க காணோம். எல்லாரும் ஒரே நேரத்துல வேற வேற நேரத்துல இருந்து பாடுறாங்க, இத எப்படி சொல்றதுன்னே தெரியல. மெட்டு எதுவும் வாசிக்கல அன்னைக்கு. ரெண்டு கார்டு, மாத்தி மாத்தி, ராத்திரி ரெண்டு மணி வரைக்கும், அண்ணன் வந்து ஸ்விட்ச்ச அணைக்கிற வரைக்கும். எஃப் கட்டைய தொட்டா மூணாவது செகண்டுல பல்லி கரெக்டா கத்துது, எத்தனை தடவ தொட்டாலும் அதே எடத்துல.

அடுத்த வாரம் லேப்டாப்பும் சின்ன கீபோர்டும் தூக்கிக்கிட்டு வகுப்புக்குப் போனேன். டீச்சர் ஆர்மோனியத்த தள்ளி வச்சுட்டு தானே உக்காந்து கட்டைய தொட்டாங்க, எடுத்த எடுப்புல மாயாமாளவகௌளை சுரங்களாவே போச்சு விரல். கொஞ்ச நேரம் வாசிச்சுட்டு, "யாருப்பா இவங்கல்லாம்?"னாங்க. "நீங்க தான் டீச்சர்." "நாங்க இப்படியா பாடினோம்?" திரும்ப அந்த ரிஷபத்தையே அமுக்கினாங்க, அமுக்கிக்கிட்டே இருந்தாங்க, டேப் முடிஞ்சு நின்னதும் "பாதியில நிறுத்திட்டோமே"ன்னு வருத்தப்பட்டாங்க. அப்பறம் டீச்சராயிட்டாங்க. மேல தைவதம் இறங்குது, பின்வரிசையில யாரோ சுருதி விட்டிருக்காங்க, அத திரும்ப எடுக்கணும். நான் அதான் டீச்சர் அழகேன்னேன். சுருதி விட்டதுல என்ன அழகு, நாளைக்கு வெளிய போட்டா யாரு மானம் போகும்? இதுக்கு என்கிட்ட பதில் இல்ல, அவங்க சபை, அவங்க மானம். திரும்ப எடுத்தோம், சுத்தமா, திருச்சிற்றம்பலத்தோட.

ஆனா எம் 400ல ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு டேப்லயும் பக்கத்துல பக்கத்துல மூணு டிராக் இருக்கும், ஏ, பி, சின்னு, ஒரு குமிழத் திருப்பினா ஹெட் நகந்து வேற டிராக் மேல நிக்கும். அதையே நானும் செஞ்சு வச்சேன், டீச்சர் எடுத்த தைவதம் ஏ, பழசு பி. குமிழ ரெண்டுக்கும் நடுவுல வச்சா ரெண்டும் சேந்து ஓடும், நிஜ மெஷின்லயும் அப்படித்தான், அப்ப சுத்தமான தைவதமும் இறங்கின தைவதமும் ஒண்ணோட ஒண்ணு உரசிக்கிட்டு ஒரு அலை மாதிரி எழும்பும். சித்தி வீட்டுக்கு வந்தப்ப மூணையும் போட்டுக் காட்டினேன். ஏய கேட்டுட்டு தலைய ஆட்டினாங்க, பிய கேட்டுட்டு "ஐயோ இது நான் தான்டா, என் குரல் தான் இறங்குது"ன்னு வாயப் பொத்திக்கிட்டாங்க. நடுவுல வச்சதும் கொஞ்ச நேரம் பேசல. "இத இப்படியே வையி. டீச்சர் வந்தா ஏயில வச்சிரு."